கட்டுச்சோறு யாருக்கு?



நம்ம பசங்ககிட்ட ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. புராஜெக்ட் எதுவானாலும் சரி, சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதையும் ஒரே ஃபைலாகக் கட்டிவிடுவது! ஏன் என்றால், "வேகமா ஓடும்டா" என்கிறார்கள். எது வேகமாகும்? கிளம்புவதா, ஓடுவதா? இரண்டும் ஒன்றல்ல என்பதே என் கட்சி.

பிரவுசருக்குக் கட்டி அனுப்புவதில் நியாயம் உண்டு. அது நெட்வொர்க்கில் பயணம் போகிற சோறு. சர்வரில் ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இருக்கின்றன. நோட் ஜேஎஸ் ஒவ்வொரு மாடூலையும் தேடி, படித்து, கம்பைல் செய்கிறது. ஆயிரக்கணக்கில் ஃபைல் இருந்தால் கிளம்பத் தாமதமாகும், உண்மைதான். ஆனால் அது ஒரே தடவை! அப்புறம் மாடூல் மெமரியிலேயே தங்கிவிடும். நாள்கணக்கில் நிற்காமல் ஓடும் சர்வரில், ஆயிரமாவது ஆளுக்குப் பதில் சொல்லும் வேகம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2014-இல் அமேசான் அறிமுகப்படுத்திய லாம்ப்டா போன்ற இடங்களில் கதையே வேறு. வேலை இல்லாவிட்டால் புரோகிராம் அணைந்துவிடும். மறுபடி ஆள் வந்தால் புதிதாக எழவேண்டும். ஜிப்பாக ஏற்றும் புரோகிராம் விரித்தபின் 250 எம்.பி.யைத் தாண்டவும் கூடாது. அங்கே தாராளமாகக் கட்டுங்கள்!

கட்டுவது இலவசம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சி++ மொழியில் எழுதப்பட்ட மாடூல்கள் அந்த ஒரே ஃபைலுக்குள் அடங்காது. பக்கத்து ஃபோல்டரில் ஃபைலைத் தேடும் புரோகிராம், இடம் மாறியதும் திருதிருவென விழிக்கும். பிழை வந்தால், நாம் எழுதாத ஏதோ ஒரு ஐம்பதாயிரமாவது வரியைக் காட்டும். சோர்ஸ் மேப் போட்டால் சரியான வரி தெரியும். ஆனால் பிழை விவரத்தை எடுக்கும்போதெல்லாம் அதற்கும் கொஞ்சம் நேரம் போகும்.

நாளை நாம் வேலைக்குப் போனால், நள்ளிரவில் சர்வர் விழும்போது யாரை எழுப்புவார்கள்? டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்த நம்மைத்தான்! அந்த நேரத்தில் புரிகிற பிழைச் செய்தி, மிச்சம் பிடித்த ஒரு நொடியைவிடப் பெரிது.

வொர்க்‌ஷாப்பில் வெர்னியர் வைத்துப் பார்க்காமல் ஜாப்பை ஒப்படைப்போமா? இங்கேயும் அதேதான். கட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். கிளம்பும் நேரத்தைத் தனியாக, ஓடும் வேகத்தைத் தனியாக! சீனியர் கொடுத்தார் என்று அப்படியே காப்பி அடிக்காதீர்கள். கட்டிக் கொடுத்த சோறும், சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?

அளப்போம்! பிறகு கட்டுவோம்!