கடைசிப் பக்கத்தின் கடைசி வரி

சென்னை மூலக்கொத்தளம் இடுகாட்டில் ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டம் நெரியும். சனவரி 25, மொழிப்போர் ஈகியர் நாள். கட்சிக் கொடிகளோடு வருபவர்கள் தாளமுத்து, நடராசன் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் நாளிதழ்களில் படம் வரும். படத்தில் தலைவரின் முகம் தெளிவாகத் தெரியும். அடியில் உறங்குபவர் யார் என்பது ஒரு வரியில் முடிந்துவிடும்.

நடராசன் சென்னையைச் சேர்ந்த ஆதிதிராவிட இளைஞர். பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து 1938 டிசம்பரில் கைதானார். சிறையில் நோயுற்று, மருத்துவமனையில் 1939 சனவரி 15 அன்று இறந்தார். மொழிக்காக முதலில் உயிர் கொடுத்தவர் அவர்தான். தாளமுத்து இறந்தது அதே ஆண்டு மார்ச்சில்.

அவரது சாவு செய்தியாகி ஊர் ஊராகப் போனது எப்படி? அன்றைய பெரிய தமிழ் நாளேடுகளான சுதேசமித்திரனும் தினமணியும் காங்கிரஸ் சார்புடையவை. சிறைக்கு அனுப்பியதும் காங்கிரஸ் அரசுதான். போராட்டத்தை நாள்தோறும் மக்களிடம் எடுத்துச் சென்றது 'விடுதலை'. 1935-ல் நீதிக்கட்சியின் சார்பில் தொடங்கி, பெரியாரின் பொறுப்புக்கு வந்து, 1937-ல் நாளேடானது அது. நன்றியோடு நினைக்க வேண்டியதுதான். ஆனாலும் நடராசன் பிறந்த சேரிக்குச் சொந்தமான தாள் ஒன்று அன்று சென்னையில் வலுவாக இருந்திருந்தால், அவரைப் பற்றி நமக்கு இன்னும் எவ்வளவோ தெரிந்திருக்கும். அவர் வீடு, தாய் தகப்பன், தெரு, என்ன வேலைக்குப் போனார் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

அப்படிப்பட்ட தாள்கள் அதற்கு முன்பு இருந்தன என்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் யாரும் சொல்லாத செய்தி.

மூலக்கொத்தளம் இருப்பது ராயபுரம் பக்கம். அதே நகரின் தெற்கே ராயப்பேட்டை. (இரண்டும் ஒன்றென்று வெளியூர்க்காரர்கள் குழம்புவது உண்டு, வேறு வேறு இடங்கள்.) அந்த ராயப்பேட்டையில் 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக்கினார். முதல் இதழுக்கு ஆன செலவு 10 ரூபாய் என்றும், இரண்டே நாளில் ஏறத்தாழ 400 படிகள் விற்றன என்றும் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிறகு சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக வழக்கு வந்து அபராதமும் கட்ட நேர்ந்தது. 1900-ல் அவர் வெளிநாடு கிளம்பியதும் இதழ் நின்றுபோனது.

1907 சூன் 19-ல் அயோத்திதாசப் பண்டிதர் அதே ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு பெயர் 'தமிழன்' ஆயிற்று. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் உழைத்த நம் ஆட்களே அதற்குப் பெரிய பலம். வாரா வாரம் தாளை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். 1914-ல் பண்டிதர் மறைந்த பின் அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்தினார். 1926 முதல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார். நடராசன் சிறை போகும் முன்பே அதுவும் நின்றுவிட்டது.

இந்தத் தாள்கள் நின்றது எழுத ஆள் இல்லாமலா? இல்லை. 1869-லிருந்து 1943 வரை வந்த தலித் இதழ்களைத் தேடி ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். எழுத்துக்குக் குறைவே இருந்ததில்லை. தாள் நடத்துவது வேறு கணக்கு. படிப்பவர் கொடுக்கும் காசில் காகிதச் செலவே தேறாது. மிச்சத்தை விளம்பரம் ஈடுகட்ட வேண்டும். விளம்பரம் கொடுப்பது கடையும் கம்பெனியும் அரசும். அவை யார் கையில் இருந்தன என்று சொல்லத் தேவையில்லை. 1920-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும்கூட அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது 'கேசரி'. வார இதழுக்கே இந்தப் பாடு. நாளேடு என்றால் தினம் காகிதம், தினம் அச்சு, தினம் விடியுமுன் பேருந்திலும் ரயிலிலும் கட்டு ஏற்ற வேண்டும். ஆசிரியர் ஒருவரின் உயிரை நம்பி இதெல்லாம் நடக்காது.

நிலைத்த நாளேடுகளைப் பாருங்கள். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி அவர் குடும்பத்தின் கையில் தொடர்கிறது. டீக்கடைப் பெஞ்சில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஏற்ற தமிழைக் கொடுத்த பெருமை அதற்கு உண்டு. நம் தெருக்களில் பலருக்கு அதுதான் பள்ளிக்கூடம். அவர் மருமகன் கே.பி. கந்தசாமி 1977-ல் தொடங்கிய தினகரன் 2005-ல் சன் குழுமத்துக்கு விலைபோனது. தினமணியில் பேர்பெற்ற ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம், முதலாளி ராம்நாத் கோயங்காவோடு முரண்பட்டு 1943-ல் வெளியேறினார். தாள் முதலாளியோடு தங்கியது. சொக்கலிங்கம் அடுத்து நடத்திய 'தினசரி' நிலைக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆசிரியருக்கே அந்த நிலை.

உள்ளே வேலைக்குப் போனால் போதாதா என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும். ஆனால் எதுவரை போக முடிகிறது? 1996-ல் தில்லியில் வாஷிங்டன் போஸ்ட் இதழின் செய்தியாளர் கென்னத் கூப்பர், தானே ஒரு கறுப்பினத்தவர், பேசுவதற்கு ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடித் தரும்படி பி.என். உனியாலைக் கேட்டார். அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலை வைத்துத் தேடியும் ஒருவரைக்கூட உனியாலால் காட்ட முடியவில்லை. 2019-ல் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் ஆராய்ந்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106-ல் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. இடையில் 23 ஆண்டுகள் ஓடியிருந்தன.

மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். எந்த நாளிதழையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், உரிமையாளர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும். 1867-ல் ஆங்கிலேயர் போட்ட சட்டத்திலிருந்து வரும் வழக்கம் இது. அரசு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அதைக் கேட்டது. இன்று நமக்கும் பயன்படுகிறது. நூலகத்துக்கு வரும் தாள்களில் அந்த ஒரு வரியை மட்டும் ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். சேரியில் குடிநீர்த் தொட்டிப் பிரச்சினை வரும் நாளில், எந்தத் தாளில் எந்தப் பக்கத்தில் எத்தனை வரி வந்தது என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள். இந்தப் பத்தி வரும் நாளிதழையும் விட்டுவிட வேண்டாம்.

அயோத்திதாசரின் எழுத்துகள் 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் நூலாக வந்தன. பெரிய அலுவலகம் எதுவும் அவற்றைக் காத்து வைத்திருக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய 'தமிழன்' தாள்களை வீட்டில் கட்டிவைத்துக் காத்ததால் அவை நம் கைக்கு வந்தன. உங்கள் தாத்தா பெட்டியில் பழுத்த தாள் ஏதேனும் கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.