விமல் யாருடைய பிள்ளை?

எங்கள் காலை நடைக் கோஷ்டியில் மொத்தம் ஏழு பேர். நெய்வேலி நகரியத்தின் நிழல் சாலைகளில் நாற்பது நிமிடம் நடப்பது, பிறகு டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உலகத்தைச் சரி செய்வது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேலை?

போன வாரம் அந்த பெஞ்சில் ஒரு நண்பர் கைபேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. சிவப்புச் சட்டையில் ஒரு பையன் படம். "விமல் யோகநாதன் சார்! இங்கிலாந்துல ஃபுட்பால் ஆடுறான். நம்ம பையன்!" என்றார். உடனே இன்னொருவர், "அப்படின்னா ஏன் நம்ம இந்தியாவுக்கு ஆடலை? நம்ம ஆளுங்க எல்லாம் வெள்ளைக்காரனுக்கே உழைக்கிறானுங்க" என்று கோபப்பட்டார். அரை மணி நேரம் விவாதம். அங்கே நான் அதிகம் பேசவில்லை. பேசாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். விமல் யோகநாதன் 2006 ஜனவரியில் பிறந்தவர். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். வளர்ந்தது வேல்ஸ் நாட்டின் வடக்கே ஃபிளின்ட்ஷயர் பகுதியில் ஒரு சிற்றூர். சிறு வயதில் லிவர்பூல் கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் இருந்தார். பிறகு பார்ன்ஸ்லி கிளப்புக்கு வந்தார். 2024 ஆகஸ்டில், 18 வயதில், லீக் கோப்பை ஆட்டத்தில் பார்ன்ஸ்லியின் முதல் அணிக்காக இறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று அங்கத்திய பத்திரிகைகளே எழுதின. வேல்ஸ் நாட்டின் இளையோர் அணியிலும் ஆடியிருக்கிறார். அவருடைய இடம் நடுக்களம். நாங்கள் படித்த காலத்தில் அதை 'ஹாஃப்' என்போம். என் பிரெஞ்சு வாத்தியார் 'தெமி' என்பார்.

பார்ன்ஸ்லி என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அது நம்மைப் போல ஒரு சுரங்க ஊர். நமக்குப் பழுப்பு நிலக்கரி, அவர்களுக்குக் கருப்பு நிலக்கரி. இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைமையகமே அங்கேதான். 1984–85இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. கிளப் மட்டும் மூடவில்லை. 1887இல் தொடங்கிய கிளப், 1912இல் எஃப்.ஏ. கோப்பை வென்றது, இன்னும் ஓக்வெல் மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. சுரங்கம் போனாலும் சனிக்கிழமை ஆட்டம் போகவில்லை. நெய்வேலிக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஏன் இந்தியாவுக்கு ஆடவில்லை?

எழுத்தராக முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் என்பதால் விதியைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேற்று நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். 2008லிருந்து, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டுமே நாட்டுக்காக ஆட முடியும். வம்சாவளி அட்டை போதாது. இதெல்லாம் இந்திய வம்சாவளிக்கு. விமலின் பெற்றோரோ இலங்கையிலிருந்து போனவர்கள். ஆக, 'இந்தியாவுக்கு ஏன் ஆடவில்லை' என்ற கேள்விக்கு இடமே இல்லை. நம் மொழி பேசுகிற குடும்பம் என்பது ஒன்று, நம் நாட்டுக் குடிமகன் என்பது வேறு. டீக்கடை பெஞ்சில் இரண்டும் கலந்துவிடுகிறது.

பங்களாதேஷ் வேறு வழியில் போனது. ஹம்சா சௌத்ரி இங்கிலாந்தில் பிறந்தவர், லெஸ்டர் கிளப்பில் நடுக்கள ஆட்டக்காரர், தாய் வழியில் பங்களாதேஷ். அந்த நாட்டுக்காக அவர் முதலில் ஆடியதே நமக்கு எதிராகத்தான். 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் நடந்த ஆட்டம், கோல் இல்லாமல் முடிந்தது. அதே வருடம் நவம்பரில் டாக்காவில் 1–0 என்று நம்மைத் தோற்கடித்தார்கள். நாமும் விதியை மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். மாற்றட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அடுத்தவர் வீட்டில் வளர்ந்த மரத்தில் பழம் பறிக்கிற வேலை அது. நம் தோட்டத்தில் என்ன வளர்கிறது என்பதுதான் என் கேள்வி.

பாஸ்போர்ட் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. பிரெவே பரீட்சை வரை நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். எங்கள் தெருவில் சொல்தா வீடுகளில் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தார்கள். என் பெஞ்சுக் கூட்டாளியின் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. "ரெண்டு படகுல கால் வைக்க வேணாம்" என்றார், அவ்வளவுதான். ஒரு கையெழுத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பையன்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம். யாருக்குத் தேசபக்தி அதிகம் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

அந்தக் கூட்டாளி இப்போது பாரிசுக்கு வெளியே இருக்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். அவன் பேரப்பிள்ளைகள் பிரான்ஸ் ஆடினால் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கத்துவார்கள். "உனக்கு வருத்தமா இல்லையாடா?" என்று ஒருமுறை கேட்டேன். "எந்த ஊர்ல விழுந்து முட்டியைத் தேச்சிக்கிட்டானுங்களோ அந்த ஊர்க்காரனுங்க. இதுல வருத்தப்பட என்ன இருக்கு?" என்றான்.

பிரான்சின் கால்பந்தே அப்படி வளர்ந்ததுதான். பிளாத்தினியின் தாத்தா இத்தாலியிலிருந்து வந்தவர். ஸிதானின் பெற்றோர் அல்ஜீரியாவிலிருந்து. அதற்கும் முன்னால் ரேமோன் கொப்பா. போலந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பம், முழுப்பெயர் கொப்பஸெவ்ஸ்கி. வடக்கு பிரான்சில் ஒரு சுரங்க ஊரில் 1931இல் பிறந்து, பதினான்கு வயதில் சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் கைவிரலை இழந்தவர். அவரே ரியல் மாட்ரிட் அணியோடு மூன்று முறை ஐரோப்பியக் கோப்பை வென்று, 1958இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கினார். நம் பக்கத்து ரத்தம் வேண்டும் என்றால் விகாஷ் தொராசு இருக்கிறார். இந்திய வம்சாவளி மொரீஷியஸ் குடும்பம், பிறந்தது பிரான்சில், அவரும் நடுக்களம். 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸ் அணிக்காக இரண்டு ஆட்டங்களில் சில நிமிடங்கள் இறங்கினார், மற்ற நேரமெல்லாம் பெஞ்சில். அந்தத் தவிப்பைத் தானே கேமராவில் பிடித்து ஒரு படமாகவும் வெளியிட்டார். அப்போது நம் ஊரில் எத்தனை பேர் அவரை 'நம்ம பையன்' என்றோம்?

சரி, ஒரு விமல் எப்படி உருவாகிறார்? அங்கே கிளப்புகள் ஒன்பது வயதுக்கு முன்பே பிள்ளைகளைப் பார்த்து எடுத்துக்கொள்கின்றன. பெற்றோர் வாரத்தில் பல மாலைகள் மழையிலும் பனியிலும் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். பதினாறு வயதில் தேறியவர்களுக்கு இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம். அதில் சிறிய சம்பளமும் உண்டு, படிப்பும் சேர்ந்தே உண்டு. பதினெட்டில் தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை. கல் மனசுள்ள முறைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள். பதினாறு வயதில் அங்கே ஆட்டம் ஆரம்பமாகிறது. அதே பதினாறு வயதில் நம் வீடுகளில் ஆட்டம் முடிகிறது. முதலில் பத்தாம் வகுப்பு, அடுத்து பிளஸ் டூ, அப்புறம் நுழைவுத் தேர்வு. பூட்ஸ் பரணுக்குப் போய்விடும்.

அப்படியும் தப்பி வருபவர்கள் இருக்கிறார்கள். இந்துமதி கதிரேசன் என்று ஒரு பெண். 1994இல் பிறந்தவர். ஊர் எது தெரியுமா? கடலூர். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இவரும் நடுக்கள ஆட்டக்காரர்தான். இந்திய அணிக்காகப் பல வருடம் ஆடியவர். 2019 தெற்காசியப் போட்டி அரையிறுதியில் பங்களாதேஷுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். அந்தக் கோப்பையை இந்தியா வென்றது. அதே வருடம் சேது எஃப்.சி. அணி இந்திய மகளிர் லீக்கை வென்றபோது அதிலும் இருந்தார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2021 கொரோனா ஊரடங்கில் சென்னை ரோட்டில் நின்று பணி பார்த்தார். அதே அணிகளில் ஆடிய சந்தியா ரங்கநாதனும் கடலூரில் வளர்ந்து பந்து பழகியவர்தான்.

எங்கள் கோஷ்டியில் ஏழு பேரையும் கேட்டேன். இந்துமதியை ஒருவருக்கும் தெரியவில்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள பையன் 'நம்ம பையன்', முப்பத்தைந்து கிலோமீட்டரில் உள்ள பெண்ணின் பெயர் தெரியாது. ஒரு செலவும் இல்லாமல் கிடைக்கிற பெருமை நமக்குப் பிடிக்கிறது. பிள்ளையை மைதானத்துக்கு அழைத்துப் போய், முட்டியில் மருந்து போட்டு, மார்க் குறைந்தாலும் பொறுத்து, அப்படி வருகிற பெருமை நமக்கு வேண்டாம்.

'நமக்கு' என்று பொதுவாக எழுதிவிட்டேன். அது நியாயமில்லை. என் கதையையும் சொல்ல வேண்டும்.

என் மகன் பள்ளியில் லெஃப்ட் ஹாஃப் ஆடினான். நன்றாகவே ஆடினான். 1997, பிளஸ் டூ வருடம். மாவட்ட அணித் தேர்வுக்கு வரச் சொல்லி அவன் பெயருக்கு ஒரு தபால் வந்தது. அன்று லீவில் வீட்டில் இருந்ததால் நான்தான் வாங்கினேன். படித்துப் பார்த்தேன். தேர்வு தேதிக்கும் செய்முறைப் பரீட்சைக்கும் பத்து நாள்தான் இடைவெளி. ஆபீசில் வேண்டாத கடிதத்தை என்ன செய்வோமோ அதைச் செய்தேன். மடித்து ஒரு ஃபைலில் வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. அவன் சில நாள் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றான். பிறகு நிற்கவில்லை. நல்ல மார்க் வாங்கினான், டிப்ளமோ முடித்தான், இன்று இதே ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் குவார்ட்டர்சில்தான் நானும் இருக்கிறேன்.

பல வருடம் கழித்து வீடு மாற்றும்போது அந்த ஃபைல் அவன் கையில் கிடைத்தது. கடிதத்தை நின்றபடியே படித்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. "தேதி போயிடுச்சேப்பா" என்றான், சிரித்தபடி. திரும்ப மடித்து ஃபைலிலேயே வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இதுவரை அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவன் விமல் போல ஆகியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. மாவட்ட அணியில்கூட இடம் கிடைக்காமல் போயிருக்கலாம். ஆனால் போய்ப் பார்த்துத் தோற்கிற உரிமை அவனுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் ஆடுகிறாள். சாயங்காலம் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் என் மகன் மைதானத்து ஓரத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று பார்ப்பான். கத்த மாட்டான், கை தட்ட மாட்டான். பந்து இடது பக்கம் வரும்போது மட்டும் அவன் வலது கால் லேசாக முன்னே வரும். அவனுக்கே அது தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மருமகள், "மாமா, அடுத்த வருஷம் இவளுக்கு டென்த்து. ஃபுட்பாலை நிறுத்திடலாம்னு பாக்குறேன். நீங்க சொன்னா கேப்பா" என்றாள். அவள் கவலையில் தப்பே இல்லை. நானும் அதே கவலையில் செய்தவன்தான். மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆடட்டும்மா. டென்த்துலயும் ஆடட்டும், பிளஸ் டூவுலயும் ஆடட்டும். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் விளையாடினா படிப்பு ஓடிப் போயிடாது. கணக்குப் பாடம் வேணும்னா நான் உக்காந்து சொல்லித் தரேன்" என்றேன். மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பேத்திக்கு ஒரே கொண்டாட்டம். "தாத்தா, உங்க கணக்கா? வேணாம், நானே படிச்சுக்கறேன்" என்றாள்.

நண்பர்களே, விமல் வேல்ஸ் நாட்டுப் பிள்ளை. அங்கே விழுந்து எழுந்து வளர்ந்தவர், அங்கேயே ஆடட்டும், இன்னும் மேலே போகட்டும். தமிழ்ப் பெயர் ஒன்று முதுகுச் சட்டையில் ஓடுவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படலாம். சொந்தம் கொண்டாட வேண்டாம். சொந்தம் கொண்டாடப் பக்கத்திலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். நெய்வேலியில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை. பார்க்க வருகிற ஆளுக்குத்தான் பஞ்சம். ஓய்வூதியக்காரர்களுக்கு நேரத்துக்கு என்ன குறை?

எங்கள் கோஷ்டியில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். வரும் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை கிடையாது, மைதானம். ஆட்சேபித்தவர் ஒரே ஒருவர், அவருக்கு மூட்டு வலி. அவருக்கு நான் ஒரு மடக்கு நாற்காலி கொண்டு போகிறேன்.