வெளிநாட்டு உதவி வீண் என்பவர்களுக்கு

2025 ஜூலை 1 அன்று அமெரிக்காவின் சர்வதேச உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு தன் வேலையை நிறுத்தியது. கென்னடி காலத்தில், 1961-இல் தொடங்கப்பட்டது அது. அதன் திட்டங்களில் 83 சதவீதம் ரத்தாகிவிட்டதாக வெளியுறவு அமைச்சர் ரூபியோ மார்ச் மாதமே அறிவித்திருந்தார். பிரிட்டனும் பின்தங்கவில்லை. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கப்போவதாகப் பிரதமர் ஸ்டார்மர் பிப்ரவரியில் சொன்னார்.

இந்த வெட்டுகளை ஆதரிப்பவர்கள் அதிகம் சொல்லும் நியாயம் இது: ஏழை நாடுகளுக்கு அரசு தரும் பணம் வீண். பலரும் இதை நம்புகிறார்கள். நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களிலும் அப்படியே ஒப்பிக்கப்படுகிறது. அந்த வாதத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “வரிப்பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது.”

போகவில்லை. அமெரிக்க மக்களிடம் கருத்துக் கணிப்பு நடத்தும்போதெல்லாம், மத்திய பட்ஜெட்டில் கால் பங்கு வெளிநாட்டு உதவிக்குப் போவதாகவே சராசரியாகச் சொல்கிறார்கள். உண்மையில் போவது ஒரு சதவீத அளவு. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-இல் இலக்கு வைத்தது. 2024-இல் அதை எட்டியவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் ஆகிய நான்கு நாடுகள்தான். அந்த ஆண்டு பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்த உதவி சுமார் 21,200 கோடி டாலர். அதே ஆண்டில் உலகம் ராணுவத்துக்குச் செலவிட்டது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். பணம் எங்கே கரைகிறது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

2. “தனக்கு மிஞ்சித்தான் தானம். முதலில் சொந்த நாட்டு ஏழைகள்.”

கேட்க நியாயமாக இருக்கிறது. மிச்சமான பணம் சொந்த நாட்டு ஏழைகளுக்குப் போனதா என்று பார்த்தால் வாதம் நிற்கவில்லை. பிரிட்டன் அதைப் பாதுகாப்புச் செலவுக்கு ஒதுக்குவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. அமெரிக்காவில் யுஎஸ்எய்டு மூடப்பட்ட மூன்றாம் நாள், அதாவது ஜூலை 4 அன்று, ட்ரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்நாட்டு ஏழைகளின் மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டையே வெட்டியது. இரண்டு ஏழைகளுமே ஒரே வாரத்தில் கைவிடப்பட்டார்கள். உள்ளூர் ஏழையின் பெயரைச் சொல்லி அயலூர் ஏழையின் தட்டைப் பறித்தார்கள். அது உள்ளூர் ஏழைக்கும் போய்ச் சேரவில்லை.

3. “எல்லாம் ஊழல்வாதிகளின் பைக்குத்தான் போகிறது.”

ஊழல் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. காங்கோவின் சர்வாதிகாரி மொபுட்டு நாட்டையே சூறையாடினார். ஆனால் மேற்கு நாடுகள் அதை அறியாமல் கொடுக்கவில்லை. சர்வதேச நாணய நிதியம் அனுப்பிய அதிகாரி ப்ளூமென்தால், கொடுத்த பணம் திரும்பாது என்று 1982-லேயே அறிக்கை எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் பணம் போனது. பனிப்போரில் ஒரு கூட்டாளியைக் கைக்குள் வைத்திருக்கக் கொடுத்த விலை அது. அதை ஏழைகளுக்கான உதவிக் கணக்கில் எழுதிவிட்டு, உதவி தோற்றது என்பது முறையல்ல.

இப்போது சுகாதார உதவியில் கணிசமான பங்கு தடுப்பூசியாகவும் மாத்திரையாகவும் கொசுவலையாகவும் போகிறது. திருட்டு நடந்தால் பிடிக்கவும் வழி இருக்கிறது. 2005-இல் உகாண்டாவில் நிர்வாகச் சீர்கேடு தெரியவந்ததும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் தன் உதவியை நிறுத்திவைத்தது. திருத்தங்களுக்கு ஒப்புக்கொண்ட பின்பே மீண்டும் தொடங்கியது. அதுதான் சரியான வழி. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்துவது வழியல்ல.

4. “ஐம்பது ஆண்டுகளாகக் கொடுத்தும் பலன் இல்லை.”

ஜாம்பியாவில் பிறந்த பொருளியலாளர் டம்பிசா மோயோ 2009-இல் எழுதிய நூலுக்குப் பிறகு இந்த வாதத்துக்கு மதிப்புக் கூடியது. ஆனால் பலன் கண்முன்னே இருக்கிறது.

2003-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் எய்ட்ஸ் ஒழிப்புக்கான ‘பெப்ஃபார்’ திட்டத்தை அறிவித்தபோது, ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேருக்கு எச்ஐவி தொற்று இருந்ததாக மதிப்பிடப்பட்டது. மருந்து கிடைத்ததோ சுமார் ஐம்பதாயிரம் பேருக்கு என்று அவரே சொன்னார். 2024-இல் அந்தத் திட்டத்தின் மூலம் சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு கோடிக்கும் மேல். சுமார் 2.5 கோடி உயிர்களைக் காத்ததாக அமெரிக்க அரசின் கணக்கே சொல்கிறது.

பெரியம்மையை நினைத்துப் பாருங்கள். 1967-இல் உலக சுகாதார நிறுவனம் தீவிரப்படுத்திய ஒழிப்புத் திட்டத்துக்கு மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டு உதவி. மீதியை நோய் பரவியிருந்த நாடுகளே போட்டன. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி இந்தியாவில் 1975-இல், உலகில் 1977-இல். அதற்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகள் யாருக்கும் பெரியம்மைத் தழும்பு இல்லை.

5. “உதவி சோம்பேறியாக்கும். வணிகம் செய்யட்டும்.”

எத்தியோப்பியாவைப் பாருங்கள். 2003 முதல், பத்தாம் வகுப்பு முடித்த பெண்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தந்து, அவர்களைக் கிராமங்களிலேயே சுகாதாரப் பணியாளர்களாக அமர்த்தியது அந்த அரசு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சம்பளம் எத்தியோப்பிய அரசு கொடுத்தது. மருந்துக்கும் கொசுவலைக்கும் பயிற்சிக்கும் வெளிநாட்டு உதவி கைகொடுத்தது. 1990-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 200 பேர் வரை ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். இப்போது அது சுமார் 50. யாரும் சோம்பேறியாகவில்லை. உதவி வாங்கிய தென்கொரியா 2010-இல் உதவி வழங்கும் நாடுகளின் குழுவிலேயே சேர்ந்தது.

வணிகம் வேண்டும்தான். ஆப்பிரிக்க நாடான லெசோத்தோ அதைத்தான் செய்தது. ஜீன்ஸ் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2025 ஏப்ரலில் அதன்மீது 50 சதவீத வரி அறிவிக்கப்பட்டது. பிறகு குறைத்தார்கள் என்றாலும் அதற்குள் ஆர்டர்கள் போய்விட்டன. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எச்ஐவி உள்ள அதே நாட்டுக்குத்தான் சுகாதார உதவியும் வெட்டப்பட்டது. ‘வணிகம் செய்’ என்று சொன்னவர்களே கடையையும் அடைத்தார்கள்.

உதவி முறையில் திருத்த வேண்டியவை நிறைய. பிரிட்டன் 2023-இல் தன் உதவித் தொகையில் கால் பங்குக்கும் மேல் தன் நாட்டுக்குள் அகதிகளுக்கே செலவிட்டு, அதையும் வெளிநாட்டு உதவி என்று கணக்குக் காட்டியது. இதை நிறுத்த வேண்டும். மிக ஏழை நாடுகளுக்குப் போகும் பங்கு கூட வேண்டும். அந்த அரசுகளும் தங்கள் பங்கைப் போட வேண்டும். இவை உதவியைச் சீராக்கச் சொல்லும் காரணங்கள். நிறுத்தச் சொல்லும் காரணங்கள் அல்ல.

நாமும் வாங்கியவர்கள். 1980-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கியின் சலுகைக் கடன் உதவியோடுதான் நடந்தது. இன்று இந்தியா பூடானுக்கும் நேபாளத்துக்கும் கொடுக்கிறது. வாங்கி எழுந்து நின்றவர்கள், இன்னும் எழ முடியாதவர்களைப் பார்த்து ‘வீண்’ என்று சொல்லக் கூடாது. அந்தச் சொல்லை அடுத்தமுறை கேட்டால், எந்தப் பணம், யாருக்குப் போனது, என்ன ஆனது என்று திருப்பிக் கேளுங்கள்.