காட்டைக் காப்பவர்களுக்குப் பாராட்டு மட்டும் போதுமா?

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் துறையூருக்கும் நாள் முழுவதும் பேருந்துகள் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த மூன்று வழிகளிலும் வனத்துறை ஊழியர்கள் பணியில் இருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பராமரிப்பது வனத்துறைதான். சென்னை சாலையில் சமயபுரத்தைத் தாண்டினால் எம்.ஆர்.பாளையத்தில் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. தனியாரிடமிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மீட்கப்பட்ட யானைகளை அங்கே வைத்துப் பராமரிக்கிறார்கள். துறையூர் வழியே போனால் பச்சைமலைக் காடு. இன்னும் சற்றுத் தள்ளி, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில், நாட்டிலேயே முதன்முதலாகத் தேவாங்குகளுக்கென்று 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம். தேவாங்கு இரவில் நடமாடும் உயிரினம். அதைக் காப்பவர்களும் இரவில்தான் நடக்க வேண்டும்.

இவர்களை நினைவுகூர ஆண்டில் இரண்டு நாட்கள் உண்டு. ஜூலை 31 உலக வனக் காவலர் நாள். 1992இல் தொடங்கப்பட்ட சர்வதேச வனக் காவலர் கூட்டமைப்பு 2007 முதல் இதைக் கடைப்பிடித்து வருகிறது. செப்டம்பர் 11 நம் நாட்டின் தேசிய வனத் தியாகிகள் நாள். 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் மரங்களை வெட்டவிடாமல் தடுத்து உயிர்விட்ட 363 பிஷ்னோய் மக்களின் நினைவாக அது அமைந்தது.

இந்த வேலையின் ஆபத்தைத் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீரப்பன் காலத்தில் வனத்துறையினர் பலர் உயிரிழந்தார்கள். கர்நாடக வனத்துறை அதிகாரி பி.ஸ்ரீநிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் விருங்கா தேசியப் பூங்காவைக் காக்கும் பணியில் இதுவரை 200க்கும் மேற்பட்ட காவலர்கள் உயிரிழந்துள்ளனர். 2021 ஜனவரியில் ஒரே தாக்குதலில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்.

உயர் அதிகாரிகளின் பெயர்கள் பதிவாகின்றன. அவர்களுக்கு முன்னால் நடந்து போகிறவர்களின் நிலை என்ன?

வனச்சரக அலுவலர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்ற வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். பெரும்பாலோர் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். கால்தடத்தைப் பார்த்தே எந்த விலங்கு, எந்தத் திசையில் போனது என்று சொல்லக்கூடியவர்கள். 2021இல் கூடலூர், மசினகுடி பகுதிகளை அச்சுறுத்திய டி23 புலியைக் கொல்லாமல் பிடிக்க மூன்று வாரத் தேடுதல் தேவைப்பட்டது. அக்டோபர் 15 அன்று அது உயிருடன் பிடிபட்டதில் இவர்களைப் போன்றோரின் அனுபவ அறிவுக்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் இவர்கள் தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர்கள். மாதம் 12,500 ரூபாயாக இருந்த ஊதியம் 15,625 ரூபாயாக உயர்த்தப்பட்டது. யானையும் கரடியும் நடமாடும் காட்டில், காட்டுத்தீயிலும் மழையிலும் ரோந்து போகிறவரின் குடும்பத்துக்கு இது போதுமா? நிரந்தரப் பணிக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. தனியார் நிறுவனம் வழியாக ஆள் எடுக்கும் யோசனை எழுந்தபோது முதுமலையில் இவர்கள் போராட்டத்தில் இறங்கியதற்கும் இந்த அச்சமே காரணம்.

2023 மார்ச்சில் பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வென்றது. தமிழக அரசு அவர்களுக்குப் பரிசளித்ததோடு, தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களில் பணிபுரியும் 91 பேருக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டில் பெள்ளி அம்மா மாநிலத்தின் முதல் பெண் காவடியாக நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட்டார். வரவேற்க வேண்டிய செயல்தான். ஆனால் அந்த அம்மா அதற்கு முன்பே யானைக்குட்டிகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்தவர். உலகம் திரும்பிப் பார்த்த பிறகுதான் நாமும் பார்ப்போம் என்றால், படம் பிடிக்கப்படாத மற்றவர்களின் கதி என்ன?

காடும் அதன் உயிர்களும் மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பது நமக்குப் பழக்கமான கருத்து. மதீனாவைச் சுற்றிய பகுதியில் மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டதை நாம் அறிவோம். இஹ்ராம் நிலையில் வேட்டை கூடாது என்பது ஹஜ் சென்று வந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காதீர்கள் என்ற போதனையையும் ஜும்ஆ மேடைகளில் கேட்டே வளர்ந்தோம். அமானிதத்தைக் காக்கும் ஊழியருக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்பது இந்த இரண்டிலிருந்தும் கிடைக்கும் எளிய முடிவு.

அரசு செய்ய வேண்டியது தெளிவானது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணிசெய்தவர்களைத் தாமதமின்றி நிரந்தரமாக்க வேண்டும். பணியில் இறந்தாலோ ஊனமுற்றாலோ, நிரந்தர ஊழியரா தற்காலிக ஊழியரா என்று பார்க்காமல், காவல்துறையினருக்கு இணையான உதவி குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். நல்ல காலணி, டார்ச் விளக்கு, மருத்துவக் காப்பீடு ஆகியவை ஒருவர்கூட விடுபடாமல் எல்லோருக்கும் சேர வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று வாங்கும் ஒரு கிளிக்குப் பின்னால், மரப்பொந்திலிருந்து குஞ்சுகளைத் திருடும் ஒரு வியாபாரம் நடக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் பிடிபட்டன. மலேசியா போய்வரும் நம் இளைஞர்கள், யாரோ கொடுக்கும் பெட்டியைச் சில ஆயிரம் ரூபாய்க்காகச் சுமந்து வரும் 'குருவி' வேலையில் சிக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஒவ்வொரு பெட்டியும் வனத்துறைக்குக் கூடுதல் சுமை. சிக்கிக்கொள்ளும் குடும்பத்துக்கோ தீராத வழக்கு.

இன்னொன்றும் உண்டு. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024 முதல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குள் வந்துவிட்டன. அலுவலக வேலையை மட்டுமே குறிவைத்துப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இந்தப் பணியைப் பற்றியும் சொல்வோம். பறவையியல் அறிஞர் சாலிம் அலியைப் பெருமையோடு நினைவுகூரும் சமுதாயம் நாம். காட்டைக் காக்கும் சீருடையிலும் நம் பிள்ளைகள் நிற்கட்டும். அந்தச் சீருடையின் அருமை அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் புரியும்.