கல்லுக்குப் பஞ்சாங்கம் உண்டா?

நமது விருதுநகர், சிவகாசி பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மேல்வயிற்றில் வலி கண்டு, அது முதுகுவரை பாய்ந்து, வாந்தியும் எடுத்தால், முதலில் வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுப்பார்கள். அடங்காவிட்டால் அம்மனுக்கு மாவிளக்கு. அதற்கும் அடங்காவிட்டால்தான் ஆஸ்பத்திரி. அப்பரின் சூலை நோய் திருவதிகையில் திருநீற்றால் தீர்ந்ததாக 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதியதை இன்றும் எடுத்துக்காட்டும் பண்டிதர்கள் உண்டு. தங்களுக்கே வலி வந்தால் அவர்கள் ஸ்கேன் எடுக்கும் இடத்தைத் தேடுகிறார்களே ஒழிய, திருவதிகைக்கு ரயில் ஏறுவதில்லை!

நிற்க. சங்கதி என்னவென்றால், ஈரலுக்கு அடியிலுள்ள பித்தப்பையில் கல் உண்டாகிறது. பெண்களுக்கே இது அதிகம். சின்னக் கல்தான் பெரிய போக்கிரி. அது நழுவி, பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து குடலில் திறக்கும் வாயை அடைக்கிறது. சோற்றைச் செரிக்கவேண்டிய கணைய நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்குகிறது. 1901-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் இறந்துபோன ஒருவரின் உடலை அறுத்து, அந்த வாயில் சிக்கிய கல்லைக் கண்டு இதைச் சொன்னவர் யூஜின் ஓப்பி. வாழைத்தண்டுச் சாற்றில் இக்கல் மூத்திரத்தோடு போய்விடும் என்பவர்கள், பித்தப்பையிலிருந்து மூத்திரப்பைக்கு வழி எங்கே என்று காட்டட்டும்.

பெரும்பாலோருக்கு ஒரு வாரச் சிகிச்சையில் வலி அடங்கிவிடுகிறது. ஆபத்து இங்கேதான். பித்தப்பையை எடுத்துவிட்டே வீட்டுக்குப் போங்கள் என்கிறார் டாக்டர். ஆடி கழியட்டும், தீபாவளி ஆர்டர் முடியட்டும், மாமியாரைக் கேட்கவேண்டும் என்கிறார்கள் வீட்டார். வயிறு யாருடையது? நாமறிந்த பட்டாசுத் தொழிலாளிப் பெண் ஒருவரை இப்படித்தான் அழைத்து வந்தார்கள். ஆப்பரேஷனுக்கு ஆவணியில் நாள் பார்த்திருந்தார்கள்; கல் ஆடி 27-லேயே வந்துவிட்டது. அப்புறம் இரண்டு மாதம் படுக்கை. கழுத்துச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயிற்று.

ஹாலந்து டாக்டர்கள் லேசான நோய் கண்டு தேறிய 266 பேரை இரு பங்காக்கிப் பார்த்து 2015-ல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். மூன்று நாளைக்குள் பித்தப்பையை எடுக்க ஏற்பாடானவர்களில் 100-க்கு 5 பேரும், நாலு வாரம் தள்ளி வைக்கப்பட்டவர்களில் 100-க்கு 17 பேரும் கல்லின் தொல்லையால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரவோ சாகவோ நேர்ந்தது.

கணையம் அழுகிய கடும் நோயில் மட்டும் அவசரப்பட்டுக் கத்தி வைக்கலாகாது. முன்பு வைத்தார்கள், பலர் மாண்டார்கள். கணக்குப் பார்த்துத் திருந்தி, இப்போது கூடியவரை நாலு வாரம் பொறுத்து, முதலில் குழாய் போட்டுச் சீழை வடிக்கிறார்கள். எந்தப் பஞ்சாங்கம் இப்படித் தன் தப்பைத் திருத்திக்கொண்டது?

பித்தப்பை போனால் சாப்பிட முடியாது என்பதும் வீண் பயமே. ஈரல் பித்தத்தைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். பெர்லினில் லாங்கன்புக் 1882-லேயே இதை எடுத்துக் காட்டினார். சிறு துவாரங்கள் வழியே எடுக்கும் முறையும் 1990-ல் பம்பாய்க்கு வந்துவிட்டது. விருதுநகரிலேயே 2022 ஜனவரியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. மதுரைக்கு வண்டி பேசவேண்டுமே என்ற சாக்கும் குறைந்தது.

ஆலை முதலாளிகளே! ஆப்பரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்குச் சில வாரம் கூலியோடு லீவு கொடுங்கள். அதற்காகத் தீபாவளி ஒன்றும் தள்ளிப்போகாது.