அருகில் வராத அன்பு

நோயாளிகளைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று ஞானோபதேச வகுப்பில் நாம் அனைவரும் கற்றிருக்கிறோம். நோயுற்றவரின் கட்டிலருகே அமர்ந்து, அவர் கையைப் பற்றிக்கொள்வதில் உள்ள ஆறுதலை அறியாத குடும்பம் இல்லை. ஆயினும், ஒரே நோயால் வருந்தும் இருவர், ஒருவர் மற்றவரின் நலம் கருதியே நெருங்காமல் வாழவேண்டிய நிலையும் உலகில் உண்டு. அந்நிலையை உண்டாக்கியவை கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது பிறவி நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேரும் குழந்தைக்கே இது உண்டாகிறது. ஐரோப்பிய வழிவந்த மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் இந்நோய் இந்தியாவிலும் உண்டு. 1938-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் டாக்டர் டாரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக விளக்கினார். உடலின் உயிரணுக்களில் உப்பும் நீரும் செல்லும் வழி கெடுவதால், இவர்களுடைய வியர்வை மிகுதியாக உப்புக் கரிக்கிறது. நெஞ்சுச் சளி பிசின்போல் இறுகுகிறது. நலமுள்ளவரின் மூச்சுக் குழலில் நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமியையும் சளியோடு வெளியே தள்ளிவிடும். இவர்களுக்கோ சளி எளிதில் நகர்வதில்லை. உள்ளே புகுந்த கிருமி அங்கேயே குடியேறிவிடுகிறது.

அப்படிக் குடியேறும் கிருமிகளுள் அரிதான ஒன்று, வெங்காயத்திலிருந்து அறியப்பட்டது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவர நோய் அறிஞர் வால்டர் பர்க்கோல்டர், வெங்காயத்தை அழுகச் செய்யும் ஒரு பாக்டீரியாவை 1950-இல் விவரித்தார். வெங்காயத்தின் லத்தீன் பெயரையும் அவர் பெயரையும் இணைத்து, இன்று அதனை பர்க்கோல்டேரியா செபேசியா என்கிறோம். மண்ணிலும் நீரிலும் வாழும் இக்கிருமியும் அதன் இனத்தவையும் நலமுள்ளவருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளோரிலும் சிலரையே பற்றுகின்றன. ஆனால் பற்றினால் விரட்டுவது கடினம். பல மருந்துகளுக்கு அவை அஞ்சுவதில்லை. பெனிசிலினையே உணவாகக் கொண்டு வளரும் வகையும் கண்டறியப்பட்டுள்ளது. இக்கிருமியோடு பல ஆண்டுகள் வாழ்வோர் உண்டு. கடுங்காய்ச்சல் கண்டு சில வாரங்களிலேயே மடிவோரும் உண்டு என்பதை, 1984-இல் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் எடுத்துரைத்தனர்.

இதைவிட வேதனையான உண்மை பின்னர் வெளியாயிற்று. வட அமெரிக்காவில் இந்நோயுற்ற சிறுவர்களுக்கெனக் கோடை முகாம்கள் நடைபெற்று வந்தன. தன்னைப் போலவே இருமும், தன்னைப் போலவே மருந்துண்ணும் தோழனை அங்குதான் ஒரு சிறுவன் முதன்முதலாகக் காண முடிந்தது. அத்தகைய முகாம்களிலேயே இக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியதாக ஆய்வுகள் காட்டின. எடின்பரோ, மான்செஸ்டர் நகரங்களின் நோயாளிகளை ஆராய்ந்து 1993-இல் வெளியான அறிக்கையும், நட்புறவின் வழியே இது பரவுவதை உறுதிப்படுத்தியது. முகாம்கள் கைவிடப்பட்டன. 2014-இல் வெளியான அமெரிக்க நெறிமுறை, ஒரே இல்லத்தில் வாழ்வோர் தவிர, இந்நோயுற்ற எவரும் இதே நோயுற்ற மற்றவரிடமிருந்து ஆறடியேனும் விலகியிருக்க வேண்டும் என்கிறது. ஒருவர் துயரை முற்றிலும் உணரக்கூடியவர் எவரோ, அவரோடுதான் அருகமர்ந்து பேச இயலாது!

2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மூவகைக் கூட்டு மருந்தால் பலருடைய மூச்சு எளிதாகியிருக்கிறது. இதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2020-இல் பெருந்தொற்றின்போது நாம் சிறிது காலம் மேற்கொண்ட விலகலை, இவர்கள் பல்லாண்டுகளாக மேற்கொண்டு வருகிறார்கள். நம் பங்கிலும், நாட்பட்ட நெஞ்சுநோய் உடையோரும், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் இருக்கக்கூடும். நமக்குச் சாதாரணமான சளியும் காய்ச்சலும் அவர்களுக்குப் பேராபத்தாகலாம். நமக்கு உடல்நலமில்லாத நாளில் அவர்களைக் காணச் செல்லாதிருப்போம். செல்லும் நாளில் கை கழுவிச் செல்வோம். "ஏன் வரவில்லை?" என்று குறை கூறாதிருக்க நோயாளியின் குடும்பத்தாரும் கற்றுக்கொள்வார்களாக. திருப்பலியில் கை கூப்பியே நாம் சமாதானம் பகிர்கிறோம். தொடாததால் அந்தச் சமாதானம் குறைவதில்லை. வர இயலாத நாளில் ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, குடும்பச் செபத்தில் அவர் பெயர் — இவையும் நோயாளியைச் சந்திப்பதே.