சர்க்கரையும் தலையெழுத்தும்

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு புழுவுக்குச் சர்க்கரையைக் கொடுத்து, அது எத்தனை நாளில் சாகின்றது என்று மேனாட்டு விஞ்ஞானிகள் கணக்கெடுக்கிறார்கள் என்றால் நம்மவர்களில் பலர் சிரிப்பார்கள். “வேலையற்ற வேலை” என்பார்கள். ஆனால் இதே ஜனங்கள், பிறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு “உன் ஆயுள் இத்தனை வருஷம்” என்று ஒருவன் சொன்னால், காசும் கொடுத்துக் கைகட்டிக் கேட்டுக் கொள்ளுகிறார்கள். இவ்விரண்டு கணக்கில் எது கணக்கு, எது புரட்டு என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

தோசை முறுகும்போதும், அதிரசம் எண்ணெயில் சிவக்கும்போதும் நடப்பது என்ன? சர்க்கரைச் சத்து புரதச் சத்தோடு சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுக்கின்றது. இதை 1912-ல் பிரஞ்சு ரசாயனியான மெய்லார்ட் என்பவர் விளக்கினார். அடுப்பில் நிமிஷத்தில் நடக்கும் இந்தக் காரியமே நமது உடம்புச் சூட்டிலும் மெதுவாக, வருஷக்கணக்கில் நடந்து வருகின்றது. சர்க்கரை வியாதிக்காரருக்கு மூன்று மாதச் சர்க்கரை என்று ரத்தத்தில் பார்ப்பதும், சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கின்றது என்பதையேயாகும். இவ்விதம் ஒட்டி, நாளாவட்டத்தில் மாறி விளையும் கெட்ட பொருள்களுக்கு விஞ்ஞானிகள் இட்ட இங்கிலீஷ்ப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் “ஏஜ்” என்று வருகின்றது. அதற்கு வயது என்றே அர்த்தம்.

இதை மனிதனிடத்தில் சோதிக்க ஒரு ஆயுட்காலம் வேண்டும். சீ. எலிகன்ஸ் என்னும் புழுவோ, 20 டிகிரிச் சூட்டில் இரண்டு மூன்று வாரமே வாழ்வது. வளர்ந்த புழுவின் உடம்பில் இருப்பது 959 அணுக்கள். ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்பதுகூடக் கண்டாகிவிட்டது. 1993-ல் சிந்தியா கென்யன் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும், இன்சுலின் சேதியை வாங்கும் ஒரு ஜீனில் மாறுதல் இருந்தால் இப்புழு இரண்டு மடங்கு வாழ்கின்றது என்று காட்டினார்கள். 2009-ல் அதே அம்மையாரின் கூட்டம், புழுவின் உணவில் நூற்றுக்கு 2 பங்கு குளுக்கோஸைச் சேர்த்துப் பார்த்தது. ஆயுள் நூற்றுக்குச் சுமார் 20 பங்கு குறைந்தது. அதற்கு முந்திய வருஷமே, கெட்ட பொருள் விளைவதைத் தடுக்கும் ஒரு நொதியை அதிகமாகப் பெற்ற புழுக்கள் கூடுதலாக வாழ்வதை வேறொரு கூட்டத்தார் கண்டிருந்தார்கள். அந்த நொதி நம் உடம்பிலும் உண்டு.

2023-ல் கலிபோர்னியாவிலுள்ள பக் ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்டது இன்னும் கவனிக்கத்தக்கது. ஏஜ் பொருள்களில் ஒன்றைப் புழுவுக்குக் கொடுத்தபோது அது அதிகமாகத் தின்ன ஆரம்பித்தது. மேற்படி நொதி இல்லாத புழுக்களில், அந்தத் தீனி வெறியை உண்டாக்கும் வழியை அடைத்தபோது நரம்புக் கேடும் ஆயுள் குறைவும் தணிந்தன. அதாவது தின்பண்டமே மேலும் தின்னச் சொல்லுகின்றது என்பதாகும். இப்படியிருக்க, சர்க்கரை வியாதிக்காரனைப் பார்த்து “நாக்கை அடக்கத் தெரியாதவன்” என்றும், “முன்ஜென்ம வினை” என்றும் ஏசுவது எவ்வளவு அறியாமை? புழுவுக்கு எந்த ஜென்மத்து வினை? அதற்கு ஜாதகம் எழுதியவன் யார்?

ஆனால் தோழர்களே! ஒரு மூடநம்பிக்கையை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். புழு மனிதனல்ல. புழுவில் கண்டதெல்லாம் நமக்கும் அப்படியே பொருந்தும் என்று விஞ்ஞானிகளே சொல்லவில்லை. வறுத்த, பொரித்த பண்டங்களில் ஏஜ் அதிகம், வேகவைத்ததிலும் ஆவியில் அவித்ததிலும் குறைவு என்பது நிச்சயம். உண்டதில் எவ்வளவு உடம்பில் தங்கி என்ன கெடுதி செய்கின்றது என்பது இன்னும் விவாதத்தில் இருக்கின்றது. தெரிந்ததைத் தெரிந்ததென்றும், விவாதத்தில் உள்ளதை விவாதத்தில் உள்ளதென்றும் சொல்வதுதான் அறிவியக்கத்தின் நாணயம். எந்த ஜோசியனாவது இப்படிச் சொல்லக் கேட்டதுண்டா?

இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். “கருப்பட்டிக்குத் தோஷமில்லை” என்பான் ஒருவன். வெல்லமானாலும் கருப்பட்டியானாலும் பெரும் பங்கு சர்க்கரையேதான். வயிற்றுக்குள் போனபின் அதற்கு ஊர்ப் பெருமை கிடையாது. “இந்த லேகியம் கிழத்தனத்தை ஓட்டும், டாக்டர் மருந்தை நிறுத்து” என்பான் மற்றொருவன். அவனை நம்பி மருந்தை நிறுத்திக் கண்ணையும் காலையும் பறிகொடுப்பதைவிட, “எத்தனை பேரிடம் சோதித்தாய்? மருந்து கொடாத கூட்டத்தோடு ஒப்பிட்டாயா?” என்று கேளுங்கள். புழுவுக்குக்கூட அந்த மரியாதை செய்யப்படுகின்றது. மனிதனுக்கு வேண்டாமா?

ஆகவே, ஆயுள் தலையில் எழுதப்பட்டதல்ல. உணவாலும் மருந்தாலும் அறிவாலும் ஓரளவாவது மாற்றக்கூடியது என்பதே இப்புழு கற்பிக்கும் பாடம். ஜோசியனுக்குக் கொடுக்கும் காசை ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள், பொரித்த பண்டத்தையும் சர்க்கரையையும் குறைத்துக் கொள்ளுங்கள், யார் சொன்னாலும், நாமே சொன்னாலும், ருஜு கேட்காமல் நம்பாதீர்கள் என்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.